கங்கிர்லுக்கிலிருந்து நுவுக், ஒன்றேகால் மணி நேரம்

விமான அட்டவணையைப் பார்த்தால் கங்கிர்லுக்கிலிருந்து எங்கள் நுவுக்குக்கு வர இரண்டேகால் மணி நேரம் ஆகும். திரும்பிப் போகக் கால் மணி நேரம் போதும். அச்சுப்பிழை இல்லை. அந்த ஊர்க் கடிகாரம் எங்கள் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். போக வர இரண்டு பக்கமும் பறப்பது ஒன்றேகால் மணி. தூரம் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். நடுவில் ஆளில்லாத ஒரு தீவு, அதன் மேல் உருகாத பனி.

நான் நுவுக் விமான நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறேன். பெட்டிகளை எடை போடுகிறேன், இறக்குகிறேன், இன்றைக்கு விமானம் இல்லை என்று சொல்லி ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறேன். கடைசியாகச் சொன்ன வேலைதான் அதிகம். தெற்கிலிருந்து யாராவது போன் செய்து எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். ஒன்றேகால் மணி, இல்லாவிட்டால் பத்து நாள் என்பேன். அவர்கள் சிரிப்பார்கள்.

பள்ளியைப் பாதியில் விட்டவளுக்கு இங்கே கிடைக்கக்கூடிய நல்ல வேலை இது. அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு தராசு, சூடான அறை. பக்கத்து அறையில் ரேடியோ. அங்கே ஜமாசி இருப்பான்.

ஜமாசி என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். என்னை அம்மா என்று கூப்பிடுவான். அவனைப் பெற்றவள் இறந்த மறு மாதம் நான் பிறந்தேன், அவள் பெயரை எனக்கு வைத்தார்கள். கௌனாக். பெயர் வந்தால் ஆளும் வந்துவிட்டதாக எங்களுக்குக் கணக்கு. அதனால் அவன் எனக்கு மகன். அவன் மனைவி லீட்டியா எனக்கு மருமகள், அத்தை என்பாள். ஓடுதளத்தில் பனி தள்ளும் இயந்திரம் ஓட்டுகிற சிமியோனிக்கு நாற்பத்தைந்து வயது, அவனும் அத்தை என்பான். பழைய கௌனாக் அவனுக்கு அப்பாவின் தங்கை.

இந்தக் குளிர்காலத்தில் ஜமாசியின் அப்பா துலுகாக் செத்துப்போனார். மார்ச்சில் ஜமாசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு என்ன பெயர் என்று யாரும் யோசிக்கவில்லை. துலுகாக்தான். ஆக, ஜமாசிக்கு மகள் இல்லை, அப்பா பிறந்திருக்கிறார். லீட்டியாவுக்கு மாமனார். எனக்குப் புருஷன்.

"அத்தை, உன் புருஷன் எப்ப வர்றார்?" என்று சிமியோனி தினமும் கேட்பான். "வந்ததும் உன்னை உதைக்கப் போறார் பாரு. போன தடவை இருந்தப்ப ரொம்பக் கொடுமைப்படுத்தினியாமே."

"பல்லு முளைச்சதும் பேசிக்கலாம்னு சொல்லியிருக்கார்" என்பேன்.

ஆனால் அவர் வந்தபாடில்லை.

எங்கள் ஊரில் பிள்ளை பெற முடியாது. நர்ஸ் ஒருத்தி இருக்கிறாள், அவள் ஊசி போடுவாள், காய்ச்சல் பார்ப்பாள். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே தெற்கே அனுப்பிவிடுவார்கள். லீட்டியா பிப்ரவரியில் போனாள். அங்கே நோயாளிகள் தங்கும் விடுதியில் ஒரு கட்டிலில் கிடந்து, பிள்ளை பெற்று, ஏப்ரலில் கங்கிர்லுக் வரை வந்துவிட்டாள். பெரிய விமானம் அங்கே வரைதான் வரும். அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைதோறும் வரும் எங்கள் சின்ன விமானம்.

முதல் செவ்வாய் கிளம்பி, எங்கள் தலைக்கு மேல் வந்து சுற்றிவிட்டுத் திரும்பிப் போனார்கள். இரண்டாவது செவ்வாயும் அதே. இரண்டு முறையும் மூடுபனி. எங்கள் ஓடுதளம் நிலத்துக்குள் நீண்டு நுழைகிற ஒரு கடல் வாயின் ஓரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மலை, எதிர்க்கரையில் செங்குத்தான பெரிய பாறை. விமானம் தாழ்ந்து உள்ளே வந்து, அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டே அதன் முன்னால் திரும்பி, அப்புறம் இறங்க வேண்டும். எதிர்ப்பாறை தெரியவில்லை என்றால் திரும்ப முடியாது. தெரியவில்லை என்றால் வீட்டுக்குப் போ. சட்டம் அவ்வளவுதான்.

இரண்டாவது முறை திரும்பிப்போன அன்று லீட்டியா கங்கிர்லுக் விடுதியிலிருந்து போன் செய்தாள். ஜமாசி ரேடியோ அறையில் எடுத்தான். நான் கதவருகே நின்றேன். அவன் பேசியது மொத்தமே நாலு வார்த்தை இருக்கும். மீதி நேரமெல்லாம் புருவத்தைத் தூக்கிக்கொண்டும் மூக்கைச் சுளித்துக்கொண்டும் இருந்தான். எங்களுக்குப் புருவம் தூக்கினால் ஆமாம், மூக்கு சுளித்தால் இல்லை. நேரில் அது போதும். போனில் யாருக்குத் தெரியும்?

"அம்மா, அவ உன்கிட்ட பேசணுமாம்" என்று நீட்டினான்.

"அத்தை" என்றாள் லீட்டியா. "அந்தப் பக்கம் ஆளு உயிரோட இருக்கானா இல்லையா?"

"இருக்கான். புருவம் ஆடுது."

"நான் ரெண்டு மாசமா ஒரு புருவத்துகிட்ட பேசிட்டிருக்கேன். கேளு அத்தை. வர்ற செவ்வாய் கடைசி. அன்னைக்கும் திரும்பிட்டா மறுநாள் பெரிய பிளேன்ல ஏறி அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அவளுக்கு ரெண்டு ரூம் இருக்கு. ஒண்ணை எனக்குத் தர்றேங்கறா. அங்கே ஆஸ்பத்திரி நடந்து போற தூரம். அங்கே யாரும் என்னைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க."

"மூடுபனிக்கு அவன் என்ன பண்ணுவான்?"

"மூடுபனிக்கு ஒண்ணும் பண்ண வேணாம். எனக்கு ஏதாவது பண்ணலாம்ல? வாங்கன்னு ஒரு வார்த்தை. அதுவும் வரல. மாமா அழறார், வச்சிடறேன்."

மாமா என்றால் குழந்தை.

நான் போனை வைத்துவிட்டு ஜமாசியிடம் சொன்னேன். அவன் புருவத்தைத் தூக்கினான். எனக்கு அந்த நிமிடம் அந்தப் புருவத்தைச் சிரைத்துவிடலாம் போல இருந்தது.

அவன் கெட்டவன் இல்லை. பேசாதவன். அவன் அப்பாவும் அப்படித்தானாம். லீட்டியாவைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்டபோதுகூட அவள் வீட்டு வாசலில் ஒரு கடல்நாயைப் போட்டுவிட்டு வந்துவிட்டான் என்று ஊரே சொல்லிச் சிரிக்கும். அப்போது அது போதுமானதாக இருந்தது. முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவளுக்கு வாசலில் எதைப் போடுவது?

மூன்றாவது செவ்வாய் விடியும்போதே நல்ல வெளிச்சம். ஏப்ரல் கடைசியில் எங்களுக்கு ராத்திரி என்று ஒன்று இருப்பதில்லை, ஆனாலும் வெளிச்சத்தில் ரகம் இருக்கிறது. அன்றைக்கு எதிர்ப்பாறையில் பறவைகள் போட்ட வெள்ளைக் கோடுகள்கூடத் தெரிந்தன. ஜமாசி ரேடியோவில் வானிலை சொன்னான். கங்கிர்லுக்கிலிருந்து கிளம்பிவிட்டார்கள்.

சிமியோனி ஓடுதளத்தை வழித்துவிட்டு உள்ளே வந்து என் தேநீரைக் குடித்தான்.

"முட்டை வருதா?" என்றான்.

"எட்டு அட்டை."

"போன ரெண்டு வாரமும் இதே முட்டைதான் மேல வந்து சுத்திட்டுப் போச்சு. பறக்கத் தெரிஞ்ச முட்டை. கோழிக்கே வராத வித்தை."

"உனக்கு முட்டை. அவனுக்குப் பொண்டாட்டி."

"எனக்கும் அவனுக்கும் கேட்கறது ஒண்ணுதான் அத்தை, உடையாம வரணும்."

ஜமாசி அறைக்குள்ளிருந்து சிரித்தான். அவன் அன்று புதுச் சட்டை போட்டிருந்தான். குளித்திருந்தான். வீட்டில் அடுப்பை ஏற்றி வைத்துவிட்டு வந்திருந்தான். இதையெல்லாம் அவன் சொல்லவில்லை, சிமியோனி சொன்னான்.

ஒரு மணி நேரம் கழித்து கடல் வாயின் முகப்பில், பனி உடைந்து தண்ணீர் திறந்து கிடக்கிற இடத்தில், ஆவி கிளம்பியது. முதலில் பானையில் கொதிக்கிற மாதிரி. அப்புறம் அது படுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தது. எங்களுக்கு இது புதிதில்லை. காற்று நின்றால் வரும், காற்று அடித்தால் போகும். ஜமாசி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பாறையின் அடி போனது. இடுப்பு போனது. கடைசியில் உச்சி மட்டும் ஒரு கறுப்புத் துண்டாக நின்றது. அதுவும் போனது.

விமானத்தின் சத்தம் தீவுப் பக்கமிருந்து கேட்டது.

இந்தப் பாதையில் முன்பு ஒரு கிழட்டு விமானி வந்துகொண்டிருந்தார். எங்களோடு இருபது வருடம் பேசிப் பழகியவர். பாறை தெரியுதா என்று மட்டும்தான் கேட்பார். அவர் ஓய்வு வாங்கிக்கொண்டு போன வருடம் ஊருக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவன் கானர். நல்ல பையன், திறமையாக ஓட்டுவான், வந்து நாலு மாதம் ஆகிறது. ரேடியோவில் எப்படிப் பேச வேண்டும் என்று விதி இருக்கிறது, இரண்டு பக்கமும் படித்துத்தான் வந்திருக்கிறார்கள். எவ்வளவு தூரம் தெரிகிறது என்று எண்ணில் சொல்ல வேண்டும், முழு வாக்கியம் சொல்ல வேண்டும். ஆனால் தலைக்கு மேல் சுற்றும்போது மனிதன் மனிதன் மாதிரிதான் பேசுவான்.

எல்லாம் ஆங்கிலம். கானரின் குரல் வந்தது.

"நுவுக், இங்கிருந்து கீழே வெள்ளையாத்தான் இருக்கு. எதிர்ப்பாறை இப்ப உங்களுக்குத் தெரியலையா?"

ஜமாசி மைக்கை அழுத்தினான். புருவத்தைத் தூக்கினான்.

"ஆமாம்" என்றான்.

எங்களுக்கு இதில் சிக்கலே இல்லை. தெரியலையா என்று கேட்கிறான், ஆமாம் என்கிறேன். நீ சொன்னது சரி, தெரியவில்லை. கேட்டவனை ஒப்புக்கொள்கிறோம். கானரின் மொழியில் ஆமாம் கேட்டவனுக்குப் போவதில்லை, பாறைக்குப் போகிறது. ஆமாம் என்றால் பாறை தெரிகிறது. ஜமாசிக்கு இது தெரியாதா? தெரியும். பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் மனைவி தலைக்கு மேல் சுற்றும்போது வாய் தன் தாய்மொழியில்தான் ஒப்புக்கொள்கிறது, வார்த்தை ஆங்கிலமாக இருந்தாலும்.

"நன்றி நுவுக். உள்ளே வர்றோம்" என்றான் கானர்.

எஞ்சின் சத்தம் மாறியது. தாழ்கிற சத்தம் எனக்குத் தெரியும், ஆறு வருடமாக அதைக் கேட்டுத்தான் எழுந்து கையுறை போட்டுக்கொள்கிறேன்.

ஜமாசியின் முதுகு விறைத்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. மைக் கையில் இருந்தது. கட்டைவிரல் பித்தானின் மேல் இருந்தது, அழுத்தவில்லை.

அந்த நேரத்தை நான் அளந்து சொல்ல மாட்டேன். ரொம்பச் சின்னது. ஆனால் அதற்குள் ஒரு ஆள் நுழைந்து உட்கார இடம் இருந்தது. ஜமாசி நுழைந்து உட்கார்ந்தான், நான் பார்த்தேன். அவன் பொய் சொல்லவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. வார்த்தை தானாக வழுக்கி அவன் பக்கம் விழுந்திருக்கிறது. சும்மா இருந்தால் போதும். கானர் கெட்டிக்காரன், மூடுபனியில் ஓட்டை கிடைக்கலாம், இறங்கிவிடுவான். கதவு திறக்கும். லீட்டியா படியில் நிற்பாள்.

"மகனே" என்றேன்.

அவன் அழுத்தினான்.

"பாறை தெரியவில்லை. திரும்பச் சொல்கிறேன், எதிர்ப்பாறை தெரியவில்லை. நுவுக்கில் எதுவும் தெரியவில்லை. மேலே போங்கள். மேலே போங்கள்."

எஞ்சின் அலறியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசையில் என் தேநீர்க் கோப்பை நடந்தது. விமானம் எங்கள் முன்னால் எங்கேயோ போனது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவு பெரிய சத்தத்தில் ஒரு நிழல்கூட இல்லை. அப்புறம் சத்தம் ஏறியது, ஏறியது, தீவின் மேல் தேய்ந்தது.

கானர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சிமியோனி கதவருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. எதையாவது சொல்ல வேண்டும் என்று முட்டை என்று ஆரம்பித்தான், மேலே போகவில்லை.

முக்கால் மணி நேரத்தில் காற்று அடித்தது. மூடுபனி எழுந்து போனது. எதிர்ப்பாறை கழுவி வைத்த மாதிரி நின்றது. அதற்குள் அவர்கள் பாதிக்கு மேல் போய்விட்டார்கள், இன்னொரு முறை வந்து திரும்ப எண்ணெய் இல்லை.

மத்தியானம் போன் வந்தது. ஜமாசி எடுக்கவில்லை. நான் எடுத்தேன். பேசுபவர் குரல் அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு பித்தான் உண்டு, அதை அழுத்தினேன். இருவருக்கும் நடுவில் நான் செய்தி தூக்கிக்கொண்டு ஓடுவதாக இல்லை.

"அவனைக் கூப்பிடு" என்றாள் லீட்டியா. அத்தை இல்லை, ஒன்றுமில்லை.

"இங்கேதான் இருக்கான். கேக்குது அவனுக்கு."

"பாறையை ஜன்னல்ல பார்த்தேன். எவ்வளவு கிட்ட தெரியுமா? பறவைக் கூடு தெரிஞ்சுது. கூட்டுல குச்சி தெரிஞ்சுது. மாமாவை இப்படி மடக்கிப் பிடிச்சிட்டேன், மூச்சு விட முடியாம அழுதார். இறங்கினப்புறம் பைலட்டைக் கேட்டேன். உங்க ஆள் முதல்ல தெரியுதுன்னான், அப்புறம் தெரியலைங்கறான், அவனுக்கு என்ன கோளாறுன்னு கேக்கறார். ஜமாசி, நீ பொய் சொன்னியா?"

அவன் மூக்கைச் சுளித்தான்.

"வாயால சொல்லுடா" என்றேன்.

"இல்ல" என்றான். "தெரியலையான்னு கேட்டான். ஆமான்னேன்."

அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"ரெண்டு மாசமா ஆஸ்பத்திரில இதேதான் எனக்கு. நர்ஸ் வந்து வலி இல்லையாம்மான்னு கேப்பா. ஆமாம்பேன். வலி இருக்குன்னு மாத்திரை கொடுப்பா." குரல் மறுபடி இறுகியது. "தப்புன்னு தெரிஞ்சதும் உடனே சொன்னியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"உடனே இல்ல" என்றான்.

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்."

"அந்தக் கொஞ்ச நேரம் என்ன பண்ணிட்டிருந்த?"

"நீ படியில இறங்கறதைப் பார்த்துட்டிருந்தேன்."

கல்யாணமான ஏழு வருடத்தில் அவன் அவளிடம் சொன்ன நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். லீட்டியாவின் பக்கத்தில் குழந்தை முனகியது. முதல் தடவையாக என் புருஷன் குரலைக் கேட்டேன். பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

"சாகடிச்சிருப்ப" என்றாள்.

"தெரியும்."

"உன் அப்பாவையும் சேர்த்து."

"தெரியும். அதான் சொல்லிட்டேன்."

"நாளைக்குப் பெரிய பிளேன்."

"தெரியும்."

எனக்கு அவன் மண்டையில் தராசுக் கல்லைப் போடலாம் போல இருந்தது. தெரியும், தெரியும், தெரியும். லீட்டியாவும் அதைத்தான் நினைத்திருப்பாள். அவளுக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் வரும், தெற்கே இருந்து அதைத்தான் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்போ நான் போறதை நீ தடுக்கப் போறதில்லையா?"

ஜமாசியின் புருவம் பாதி ஏறியது. வாய் திறந்தது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம் என்றால் எங்களுக்கு ஒன்று, அவர்களுக்கு வேறொன்று. இல்லை என்றாலும் அதே கதிதான். அவள் எந்த மொழிக் காதோடு கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்? இன்று காலை இதே நாற்காலியில் இதே கேள்வி.

அவன் வாயை மூடினான். புருவத்தைக் கையால் அழுத்தி இறக்கிவிட்ட மாதிரி நெற்றியைத் தேய்த்தான். அப்புறம் எங்கள் மொழியில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"போகாதே. நான் வர்றேன். பனி மேல வண்டி ஓட்டிட்டு வர்றேன். நீயும் அப்பாவும் அங்கேயே இருங்க."

"எத்தனை நாள்?"

"பனி நல்லா இருந்தா மூணு."

"இல்லன்னா?"

"இல்லன்னா நாலு."

"அங்கேருந்து நீ கிளம்பிட்டா ரேடியோவுக்கு யாரு?"

"யாரும் இல்ல."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"நான் இருப்பேன்னு சொல்லல" என்றாள் லீட்டியா. போனை வைத்துவிட்டாள்.

ரேடியோவுக்கு இன்னொருத்தியும் உண்டு, அவள் அப்போது தெற்கே பயிற்சியில் இருந்தாள். ஜமாசி போனால் நுவுக்கிலிருந்து வானிலை சொல்ல ஆளில்லை. வானிலை இல்லை என்றால் விமானம் இல்லை. அவன் தலைமை அலுவலகத்துக்கு போன் செய்து சொன்னான். அந்தப் பக்கம் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். விடுப்புக்கு நாலு வாரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதாமல் போனால் திரும்பி வர வேண்டாம் என்றார். காலையில் நடந்ததைப் பற்றி விளக்கமும் கேட்டார். ஜமாசி நடந்ததைச் சொன்னான், தாமதித்ததையும் சேர்த்து. அதை அவன் விட்டிருக்கலாம். அதைக் கண்ணால் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான், நான் தாய்.

சாயங்காலம் அவன் கிளம்பினான். பனிவண்டி, பின்னால் நீளமான சறுக்குவண்டி, அதன் மேல் பலகையால் அடித்த ஒரு பெட்டி. பெட்டிக்குள் கரடித்தோல் விரித்திருந்தான். எண்ணெய் டின், கூடாரம், உறைந்த மீன். சிமியோனி இன்னொரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினான்.

"நீ எங்கே?" என்றேன்.

"முட்டை எடுக்கப் போறேன்" என்றான் சிமியோனி. "தானா வராதுன்னு தெரிஞ்சு போச்சு."

"ஓடுதளத்தை யார் வழிப்பா?"

"எந்த பிளேனுக்கு?"

அது நியாயம்.

"ஒத்தையா விட முடியுமா அத்தை இவனை?" என்று குரலைத் தாழ்த்தினான். "வழியில கரடி வந்து, உன்னை நான் சாப்பிடக் கூடாதான்னு கேட்டா, ஆமாம்பான்."

ஜமாசி சிரித்துவிட்டான். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை முடுக்கினான்.

விமானம் தீவின் மேல் நேராகப் போகும். பனியில் போகிறவன் தீவைச் சுற்றிப் போக வேண்டும், முனையைத் தாண்டி, தண்ணீர் திறந்த இடத்துக்கு ஒதுங்கி, பனி மேடுகளுக்கு நடுவில் வழி தேடி. தூரம் ஐந்நூறுக்கு மேல். அதை எந்த அட்டவணையிலும் போடுவதில்லை.

மறுநாள் புதன். பெரிய விமானம் கங்கிர்லுக்கிலிருந்து தெற்கே போகும் நாள். என் மேசைக் கணினியில் இரண்டு தட்டுத் தட்டினால் அதில் யார் ஏறினார்கள் என்று தெரிந்துவிடும். நான் தட்டவில்லை. தெரிந்தால் சொல்ல வேண்டியிருக்கும். பனியில் இருப்பவர்களிடம் தினமும் ராத்திரி வீட்டு ரேடியோவில் பேசுவது வழக்கம். அவன் அந்தக் கூடாரத்தில் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். அவள் போய்விட்டாள் என்று தெரிந்தால் திரும்பி வா என்று சொல்ல வேண்டும். தெரியாதவரை அவன் போய்க்கொண்டிருப்பான். எது நல்லது என்று யோசித்தேன். மூன்று ராத்திரி அதை மட்டும்தான் யோசித்தேன். ஒவ்வொரு ராத்திரியும் அவன் அங்கே ஏதாவது செய்தி உண்டா என்று கேட்டான். கணினியைப் பார்க்கவில்லை என்றேன். சரி என்றான். அவனும் பார்க்கச் சொல்லவில்லை. நாலாவது ராத்திரி ரேடியோவில் ஒன்றும் வரவில்லை. கங்கிர்லுக் பக்கத்து மலை மறைத்திருக்கும், அல்லது வேறு ஏதாவது.

அடுத்த செவ்வாய் வந்தது. அந்த வருடத்திலேயே அப்படி ஒரு நாள் இல்லை. மெல்லிய காற்று, ஆவியில்லை, வானத்தில் ஒரு கீறல் இல்லை. எதிர்ப்பாறையில் ஒவ்வொரு பறவையையும் எண்ணலாம். ரேடியோ அறை பூட்டிக் கிடந்தது. விமானம் வரவில்லை. பெண்கள் வந்து முட்டை எங்கே, குழந்தைத் துணி எங்கே என்று என்னைத் திட்டினார்கள். மகனுக்குப் பதில் தாயைத் திட்டுவது அவர்கள் உரிமை. வாங்கிக்கொண்டேன்.

கடலைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். மறுநாளும் நின்றேன். வேலையில்லாத விமான நிலையத்தில் வேறு என்ன செய்வது?

புதன்கிழமை மத்தியானம் முனையில் ஒரு புள்ளி. அப்புறம் இன்னொன்று. தூரத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், கல்லும் கடல்நாயும் ஆளும். இது நகர்ந்தது. முன்னால் வந்த வண்டி மேடுகளில் குதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி, கிழவி நடக்கிற மாதிரி வந்தது. சிமியோனி வெறும் பெட்டியோடு அப்படி ஓட்ட மாட்டான். ஜமாசியும் ஓட்ட மாட்டான். உள்ளே சுமை இருக்கிறது.

கரைக்கு இறங்கிப் போனேன். லீட்டியா பெட்டியிலிருந்து எழுந்தாள். முகம் கறுத்து, உதடு வெடித்து, ஐந்து வயது கூடியிருந்தாள். முதுகில் மேல்சட்டையின் பெரிய தொப்பிக்குள் ஏதோ அசைந்தது. ஜமாசி வண்டியை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்ட" என்றேன்.

"இவன் பேசறான் அத்தை" என்றாள் லீட்டியா. "மூணு நாளா பேசறான். நிறுத்த மாட்டேங்கறான். கூடாரத்துல தூங்க விடல. எங்கேடா வச்சிருந்த இதையெல்லாம்னு கேட்டேன்."

"முட்டை ரெண்டு அட்டை உடைஞ்சுடுச்சு" என்றான் பின்னால் வந்த சிமியோனி. "மத்தபடி எல்லாம் முழுசா இருக்கு."

லீட்டியா தொப்பியை விலக்கினாள். என் புருஷன் தூங்கிக்கொண்டிருந்தார். வழுக்கை. மூக்கு அப்படியே. செத்தபோது இருந்ததைவிட நல்ல நிறம்.

விமான நிலையத்தின் பக்கமாகத்தான் அவர்கள் வீட்டுக்கு வழி. வாசலில் லீட்டியா நின்றாள். கண்ணாடிக் கதவில் நான் ஒட்டிவைத்த அட்டவணை இருந்தது. கங்கிர்லுக், நுவுக், இரண்டேகால் மணி. நுவுக், கங்கிர்லுக், கால் மணி. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதை இன்னும் மாத்தலையா அத்தை?" என்று எங்கள் மொழியில் கேட்டாள்.

"ஆமா" என்றேன்.